ஒரு பக்கத் தூரம்

செவ்வாய்

மாலை வகுப்பில் ஆளுக்கொரு செய்முறையை எடுத்துக்கொண்டு, அது முடியும்வரை நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மின்வண்டிப் பராமரிப்புப் படிப்பு. பகலில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்சு தேய்க்கிறேன். நான் எடுத்திருக்கும் தலைப்பு: சிறிய மின்காருக்கு அகலமான சக்கரமும் டயரும் தேர்வு செய்தல். காரணம் என்ற இடத்தில் 'மணலில் ஓட்டுவதற்காக' என்று எழுதினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

முழு உண்மை சங்குமுனையில் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் செலஸ்டின் அங்கே வேலை பார்க்கிறார். பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வேறு யாரும் இதைப் படித்தால் புரிய வேண்டுமே என்று விதியையும் எழுதிவைக்கிறேன். மின்சாரப் பங்கீடு வந்ததிலிருந்து ஒவ்வொரு வண்டியும் ஒரு நிலையத்தில் பதிவாகியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு சார்ஜ். அந்த நிலையத்தைத் தவிர வேறெங்கும் செருகினாலும் ஏறாது. ஆகவே ஒருவர் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அதுதான் அவருடைய வட்டம். பஸ் டிக்கெட்டும் அதற்குள்தான். லாரியில் ஆளை ஏற்றினால் டிரைவருடைய பதிவைப் பறித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதி, நட்சத்திரம், வட்டம் என்று மூன்றையும் கேட்கிறார்கள். அம்மா மூன்றாவதைத்தான் முதலில் கேட்கிறாள்.

சங்குமுனை என் வட்டத்துக்குள்தான் இருந்தது. போன ஆடிக் காற்றில் தேரி மணல்மேடு நகர்ந்தது. சிவப்பு மணல் சாலையின் கடைசிப் பகுதியை மூடிவிட்டது. நடந்து கடக்கப் பார்த்த இரண்டு பேரை வெயில் கொன்றபின் அங்கே காவல் போட்டுவிட்டார்கள். வண்டியில் போனால் மட்டும் விடுகிறார்கள், அதுவும் மணலில் புதையாத வண்டியாக இருந்தால்.

சுற்றுவழி ஒன்று உண்டு, கடற்கரையோடு தெற்கே போய்க் காவல்கிணறு வழியாக. நடுவில் எங்காவது சந்திக்கலாமா என்று நாங்கள் இருவரும் பார்த்தோம். அவர் வந்து திரும்பக்கூடிய கடைசி இடத்துக்கும் நான் போய்த் திரும்பக்கூடிய கடைசி இடத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர் வெறும் சாலை கிடக்கிறது. அவருடைய பேட்டரி பெரியது, ஆனால் அந்த எடைக்கு வண்டி எந்த டயரிலும் மணலில் புதைந்துவிடும். என் வண்டியின் பேட்டரி சிறியது. பெரிய பேட்டரியாக வாங்கியிருக்கலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சனி

ஆபிரகாம் அண்ணாச்சியின் டயர்க் கடைக்குப் போனேன்.

"யாருக்கு தாயி? அண்ணனுக்கா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. அகலமா வேணும்."

பளபளக்கிற பெரிய அலாய் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "பதினெட்டு இஞ்சு. இத மாட்டிட்டு வண்டிய நிப்பாட்டி வச்சாலும் ஓடுத மாதிரியே இருக்கும்."

"ரிம் பெருசானா டயரோட பக்கவாட்டுக் கன்னம் குட்டையாயிரும் அண்ணாச்சி. மணல்ல காத்தக் குறைச்சு ஓட்டும்போது ரிம்மு அடிவாங்கும். எனக்கு ரிம் சின்னதா இருக்கணும், அகலம் கூட இருக்கணும், கன்னம் உயரமா இருக்கணும்."

"ஒசரம், அகலம், கன்னம்! மாப்பிள்ள பாக்க வந்தவ மாதிரில்லா கேக்கே."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனாலும் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டேன். டயரின் மொத்த உயரம் பழையதிலிருந்து மாறக் கூடாது. மாறினால் வண்டி ஓடிய தூரத்தைத் தப்பாகச் சொல்லும். பேட்டரி எடையைத் தாங்கும் டயராக இருக்க வேண்டும். சக்கரம் வெளியே துருத்தினால் காவலில் நிறுத்துவார்கள், உள்ளே போனால் உராயும். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு டயரைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. இரண்டில் எது என்று முடிவு செய்ய எனக்கு நேரமாயிற்று. எனக்கு எப்போதுமே நேரமாகும்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத" என்றார். "எல்லாரும் இங்க வந்து ஒல்லி டயருல்லா கேக்காக. ஒல்லியா, காத்த இறுக்கி அடிச்சா வண்டி வழுக்கிக்கிட்டுப் போவும். வட்டம் பெருசாவும். இதப் போட்டா தார்ரோட்டுல ஒட்டிக்கிட்டுல்லா வரும். உன் வட்டம் சுருங்கிரும் பிள்ள."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா?"

"போற எடம் ஒண்ணுதான்னா வட்டம் எதுக்கு?"

இதை ஏன் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன்சக்கரம் உள்ளே பிளாஸ்டிக்கில் உரசியது. அதை அண்ணாச்சியே குனிந்து அளவாக வெட்டிவிட்டார்.

வண்டியைப் பார்த்த அம்மா, "என்னட்டி, கருப்பட்டி வட்டு மாதிரி வாங்கிட்டு வந்திருக்கே" என்றாள். படிப்புக்கு என்றேன். அப்பா டயரை ஒரு முறை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு

சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். மழை இல்லாததால் ஆறு பாதிக்குமேல் மணல். காற்றைப் பாதியாகக் குறைத்து இறக்கினேன். டயர் தட்டையாகி மணலைப் படுத்துக்கொண்டு பிடித்தது. பழைய டயரில் இரண்டு வண்டி நீளம் போவதற்குள் அச்சுவரை புதைந்திருக்கும். இப்போது வண்டி போனது. மெதுவாக, ஒரு எருமை தண்ணீரில் நடப்பது போலப் போனது. நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

உடனே செலஸ்டினைக் கூப்பிட்டேன்.

"புதையலயா?"

"புதையல."

"சத்தியமா?"

"வண்டி இப்ப மணல்லதான் நிக்கி. காட்டவா?"

காட்டினேன். அவர் திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து டயரையே பார்த்தார். பிறகு, "நீ அதுல வந்து எறங்குத மாதிரி நெனச்சுப் பாத்தேன்" என்றார். "உப்புக் காத்துல உன் தலமுடி எப்படிப் பறக்கும்னு மறந்துபோச்சு பிள்ள. நெசமாவே மறந்துபோச்சு. நேத்து ரொம்ப நேரம் யோசிச்சேன், வரல."

"காத்தழுத்தம் பதினாறு" என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தார்ச்சாலை, மணல், மறுபடி மணல், மறுபடி தார்ச்சாலை. சார்ஜ் ஒன்பது கிலோமீட்டருக்குப் போதவில்லை. மீண்டும் போட்டேன். ஒன்பதுதான்.

புதன்

மூன்று நாளாக அந்த ஒன்பது கிலோமீட்டரைத் தேடுகிறேன். பின்சீட்டைக் கழற்றினேன். உதிரிச் சக்கரத்தை எடுத்தேன். கதவுப் பையில் கிடந்த குடையைக்கூட எடுத்தேன். நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, ஏசி போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது ஐந்தானது. அதற்குமேல் இறங்கவில்லை. நானே இளைத்தால் ஒன்று இறங்கும்.

இன்று வகுப்பில் பலகையில் ஒரு கணக்குப் போட்டார்கள். இன்ன எடை, இன்ன டயர், இன்ன பேட்டரி. வண்டி எவ்வளவு தூரம் போகும்? நான் முதலில் முடித்துவிட்டேன். பக்கத்தில் உட்காரும் மைதீன் என் விடையைப் பார்த்து, "ஏ, உனக்கு என்ன பாதி வருது?" என்றான். அவனுக்கு இரண்டு மடங்கு வந்திருந்தது.

"நீ திரும்பி வர்றதச் சேக்கல" என்றேன்.

"திரும்பி வரணும்னு கேள்வியில எங்க இருக்கு?"

கேள்வியைப் பார்த்தேன். எங்கும் இல்லை.

"எல்லா எடத்துக்கும் திரும்பி வந்துதான் ஆகணுமா மேடம்? மாமியார் வீட்டுக்குப் போனாலும் சாயங்காலமே வந்துருவியளோ?" என்றான். வகுப்பே சிரித்தது. பாடம் எடுப்பவரும் சிரித்துவிட்டு, கேள்வியில் இருப்பதற்கு மட்டும் விடை எழுது என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் விடை எழுதிய தாளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் போட்ட கணக்கில் எல்லாம், யாரும் கேட்காமலே, திரும்பி வரும் வழியைச் சேர்த்திருக்கிறேன். சேர்க்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் சேர்த்திருக்கிறேன். பங்கீடு வந்தபிறகு வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான், மைதீன் போன்ற சிலரைத் தவிர. தூரம் என்றால் பாதித் தூரம் என்றே மனதில் பதிந்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் என்றால் அகல டயரில் நான் சங்குமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் மிஞ்சும். பழைய டயரோடு அவர் சுற்றுவழியில் வந்தால், ஒரு பக்கம் மட்டும் என்றால், அவரும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடுவார். கொஞ்சம் மிஞ்சும்.

அதன் விலையும் எனக்குத் தெரியும். ஞாயிறு முடிவதற்குள் பதிவு செய்த நிலையத்துக்குத் திரும்பாத வண்டியின் பதிவு போய்விடும். ஓட்டியவருடைய வட்டமும் போய்விடும். பஸ் இல்லை, புதுவேலைக்கு எழுதிப்போட முடியாது. இன்னோர் ஊர் சேர்த்துக்கொண்டால் உண்டு. எங்கள் ஊரில் காத்திருப்பவர்களின் வரிசை வருடக் கணக்கில் நிற்கிறது. சங்குமுனையிலும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வட்டம் போனவர் ஒருவர் இருக்கிறார். நல்ல வண்டி வைத்திருந்தவர். அதற்குள்தான் தூங்குகிறார். எல்லோரும் அவரைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்க்கிறோம். நானும்தான்.

திங்கள்

நேற்று ஞாயிறு. சார்ஜ் ஏற்றினேன். அகல டயர் மாட்டியிருந்தது. ஒரு பக்கக் கணக்கும் தெரிந்திருந்தது. நான் வீட்டில் இருந்து துணி மடித்தேன். ஏன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

இன்று மாலை செலஸ்டின் கூப்பிட்டார். குரலில் ஒரு அவசரம் இருந்தது.

"பேச்சி, ஒரு கணக்கு சொல்லணும். என் வண்டிக்கு எந்த டயர் போட்டா ஒரே சார்ஜ்ல ரொம்பத் தூரம் போவும்?"

டயர் என்றதும் என் மனம் பாடத்துக்குப் போய்விட்டது. ஒல்லியானது, கெட்டியான ரப்பர், சக்கரம் எடை குறைந்தது, காற்று மேல் வரம்புவரை என்று அடுக்கினேன். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும், மேட்டில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றேன். எட்டு சதவீதம்வரை கூடக் கிடைக்கும் என்றேன். அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்வது அபூர்வம்.

பேசி முடிக்கும்போதுதான் உறைத்தது. என்னிடம் வர மணலைத் தாண்டுவதென்றால் அவருடைய கனமான வண்டிக்கு எந்த டயரும் உதவாது. சுற்றுவழியில் வருவதென்றால் பழைய டயரே போதும். ஒல்லி டயர் இரண்டுக்கும் தேவையில்லை.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

ஆலையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"ஆலைய மூடுதாவ. கடலு உள்ள வந்துட்டு. கொல்லத்துக்குப் பக்கத்துல புது ஆலை. வேல தாராவ, வீடு தாராவ, அங்கன உள்ள நிலையம் பதிவுக்கும் ஒத்துக்கிட்டு. ஆனா வண்டிய ஒரே சார்ஜ்ல கொண்டுபோய்ச் சேக்கணும். சேராட்டி பதிவு இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமதான் கடைசி நாளு. பழைய டயருன்னா பதினஞ்சு கிலோமீட்டர் பத்தாது."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழம. உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு ரெண்டு நாளு…"

"என்கிட்ட வர்றதுக்கு உங்க பழைய டயரே போதும்" என்றேன். சொல்லியபிறகு நிறுத்த முடியவில்லை. "ஒரு பக்கம் மட்டும்னா போதும். கொஞ்சம் மிஞ்சும்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"மணலு மூடுன மொத மாசத்துலருந்து" என்றார். "எத்தன ஞாயித்துக்கிழம கிளம்பி, கடற்கரை ரோட்டுல பாதி வரைக்கும் வந்து திரும்பிருக்கேன் தெரியுமா? அதத் தாண்டுனா திரும்ப முடியாதுல்லா, அந்த எடம் வரைக்கும். உங்க வீட்டு வாசல்ல வந்து என்னன்னு சொல்லி நிக்க? சார்ஜ் இல்லாத வண்டியையும் வட்டமில்லாத ஆளையும் வச்சுக்கிட்டு உங்க அப்பா என்ன செய்வாவ? நீ என்ன செய்வே?" பிறகு மெதுவாகக் கேட்டார்: "உனக்குத் தெரியுமா, நீ வரலாம்னு?"

"போன புதன்கிழமலருந்து."

"நேத்து சார்ஜ் ஏத்தினியா?"

"ஏத்தினேன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நான் சொல்லும் கணக்கை அவர் சரிபார்ப்பதில்லை. 'ஒல்லி டயரும் பத்தாது, போகாதீங்க' என்று நாளைக்குச் சொன்னால் நம்பிவிடுவார். மூடிய ஆலையோடு சங்குமுனையில் இருப்பார். என் அகல டயர் மணலில் புதையாது. இதை எழுதியதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு

ஒல்லி டயரின் காற்றழுத்தத்தைச் சரியாகச் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னபடியே மாட்டியிருந்தார். அவருடைய அம்மா ஆலைப் படகில் நேற்றே கிளம்பிவிட்டார்கள். காலையில் வண்டியை எடுத்ததிலிருந்து தொலைபேசி இணைப்பில் இருந்தார். நான் மாடி அறையில் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை சதவீதம் என்று கேட்பேன், சொல்வார். எவ்வளவு வேகம் என்று சொல்வேன், அப்படியே ஓட்டுவார். வழியில் என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் எவ்வளவு நெருங்கி வருகிறார் என்பது தெரிந்துவிடும்.

"காவல்கிணறு வந்துட்டு" என்றார்.

அங்கே சாலை பிரிகிறது. மேற்கே போனால் நாகர்கோவில், அதற்கப்பால் கேரளம். வடக்கே போனால் நாங்குநேரி, பாளையங்கோட்டை, எங்கள் தெரு.

"எவ்வளவு இருக்கு?"

"நீ சொன்ன அளவு அப்படியே இருக்கு."

"அப்ப சரியாத்தான் வருது."

"ரெண்டு பக்கத்துக்கும் சரியா வருது பிள்ள" என்றார்.

வண்டி நின்றுவிட்டது தெரிந்தது. காற்று மட்டும் கேட்டது.

"நீ சொல்லு. எந்தப் பக்கம் சொல்லுதியோ திருப்புதேன். சத்தியமா திருப்புவேன். நீ சொன்ன அந்த ஆளு மாதிரி தண்ணித்தொட்டிப் பக்கத்துல கெடந்தாலும் கெடக்கேன்."

வடக்கே என்பது சின்னச் சொல். என் வாய்க்குள் இருந்தது. அவர் இறங்கி வருவதும், அம்மா திகைப்பதும், அப்பா டயரை உதைத்துப் பார்ப்பதும் தெரிந்தது. அடுத்த மாதம் தெரிந்தது. அதற்கடுத்த மாதமும் தெரிந்தது. எனக்கு எதையும் கடைசிவரை போட்டுப் பார்க்காமல் விடத் தெரியாது. அது நல்ல குணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"வெயில் ஏறுது" என்றேன். "நின்னா பேட்டரி சூடாகும். வண்டிய எடுங்க."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் எடுத்தாலும் நான் கணக்கு சொல்லுதேன்."

அவர் சிரித்தது போலிருந்தது. அழுததாகவும் இருக்கலாம். தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

வண்டி நகர்ந்தது. மின்காரில் இன்ஜின் சத்தம் கிடையாது, டயர் சத்தம்தான். வடக்கே போகும் சாலை காங்கிரீட். அதில் ஒல்லி டயர் சீறும், பலகைகளின் இணைப்பில் தட்டிக்கொண்டே வரும். மேற்குச் சாலை புதுத் தார். அதில் ஒன்றும் கேட்காது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் கொஞ்சம் சரளை நெறிபட்டது. பிறகு நான் காத்திருந்தேன். தட்டும் சத்தம் வரவில்லை. வண்டி மௌனமாகிவிட்டது.

"ஆரல்வாய்மொழியில எதிர்க்காத்து அடிக்கும்" என்றேன். "நாப்பதத் தாண்டாதீங்க."

"நான் சொல்லலயே. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"டயர் சத்தம்."

அதன்பிறகு எண்களை மட்டும் பேசிக்கொண்டோம். மேடு, இறக்கம், ஒரு பாலம், ரயில்வே கேட் ஒன்று மூடியிருந்ததால் வீணான கொஞ்சம். மதியம் சாப்பிட அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். வெயில் சாயும்போது நான்கு சதவீதம் என்றார். பிறகு மூன்று. நான் அவரை முன்னால் ஓடும் ஒரு லாரிக்குப் பின்னால் காற்று மறைவில் ஓட்டச் சொன்னேன். இரண்டு. ஒன்று. பேட்டரியின் அடியில் எண் காட்டாத கொஞ்சம் இருக்கும், பயப்படாதீங்க என்றேன். அது வகுப்பில் படித்தது. இருக்குமா என்று எனக்கே பயமாக இருந்தது.

கதவு திறக்கும் சத்தம். யாரோ மலையாளத்தில் ஏதோ கேட்டார்கள். ஒரு பெண் குரல், அவருடைய அம்மாவாக இருக்க வேண்டும், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

தொலைபேசியின் ஒலி முழுதாக வைத்திருந்தது எனக்கு நினைவில்லை.

"வந்துட்டேன்" என்று செலஸ்டின் சொன்னார். பக்கத்தில் நின்று சொல்வதுபோல அந்த அறை முழுவதும் கேட்டது. "பேச்சி, வந்துட்டேன்."

கீழே அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருட்டி வந்திருக்கா?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்குவது கேட்டது.